தொட்டியில் ஊற்றிய கஞ்சி

என் மகளின் காகிதத் தொட்டியில் மரவள்ளிக் கஞ்சியை ஊற்றியவன் நான்தான். அதற்கான பழியை இரண்டு நாள் வேறொருவர் சுமந்தார். அந்த இரண்டு நாளும் நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்ப் பாவ அறிக்கையைச் சபையோரோடு சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். வாய் சொன்னது, அவ்வளவுதான். இப்போது நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ராஜபாளையத்தில் ஓர் ஆலையின் சைசிங் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தேன். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தும் பிரிவு அது. கஞ்சி போடாவிட்டால் நூல் உராய்ந்து அறும். கூடிப்போனால் நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு மாவு, எத்தனை சூடு, எத்தனை நேரம் என்று பார்ப்பது என் வேலை. வேதியியல் படித்தவன் என்பதால் சீக்கிரமே சூப்பர்வைசர் ஆனேன். இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஆலையில் பெயர் உண்டு. எந்தச் சிக்கலுக்கும் கொஞ்சம் கஞ்சி போட்டால் சரியாகிவிடும் என்பது எங்கள் பிரிவு ஆட்களின் நம்பிக்கை. கிழிந்த புத்தகத்துக்குக் கஞ்சி, வேட்டிக்குக் கஞ்சி, வயிற்றுப்போக்குக்கும் கஞ்சி.

என் மகள் கல்யாணமாகி ஒன்பது ஆண்டுகள் ஜப்பானில் இருந்தாள். மருமகனுக்கு அங்கே கார் கம்பெனியில் வேலை. ஒரு விடுமுறையில் இருவரும் மலையை ஒட்டிய ஓர் ஊருக்குச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார்கள். வாஷி என்று அவர்கள் சொல்லும் கைக்காகிதம் செய்கிற ஊர். காகித வீடுகள் ஒவ்வொன்றாக மூடிப்போன பிறகு ஒரு குடும்பம் மட்டும், வருகிற பயணிகளைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, ஆளுக்கு ஒரு தாளை அவரவர் கையாலேயே எடுக்க வைத்து, தொழிலை மறுபடி நடத்திக்கொண்டிருந்ததாம். மகளும் ஒரு தாள் எடுத்தாள். அடுத்த மாதம் திரும்பப் போனாள். பிறகு மூன்று வருடம் விடாமல் போய்க் கற்றுக்கொண்டாள். ஊர் திரும்பியபோது பாத்திரம் பண்டங்களை அங்கேயே விட்டுவிட்டு, காகிதம் எடுக்கும் நாலு மூங்கில் பாய்களையும் அவற்றுக்கான மரச்சட்டங்களையும் மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தி வீட்டுக்குச் சொந்தமாக பஞ்சு மூட்டைகளைச் சேமித்து வைத்த ஒரு பழைய கிட்டங்கி சும்மா கிடந்தது. அதில் இரண்டு தொட்டி கட்டினாள். கோயிலுக்கு வருகிறவர்கள், மலையில் சாம்பல் அணில் பார்க்க வருகிறவர்கள், குற்றாலம் போகும் வழியில் தங்குகிறவர்கள், இவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. பால்கோவா வாங்க வண்டியை நிறுத்துகிறவன் காகிதம் செய்யவா நிறுத்துவான் என்று நான் கேட்டேன். நிறுத்தினார்கள். ஒரு வருடம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்த நான், பிறகு தினமும் பஸ் ஏறிப் போக ஆரம்பித்தேன். போய் என்ன செய்தேன் என்றால், நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொன்னேன்.

வேலையின் முறையைச் சொன்னால்தான் என் தப்பு புரியும். வன்னியம்பட்டிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற ஒருவர், இலையைப் புழுவுக்குப் போட்டுவிட்டு மல்பெரிக் குச்சிகளை எங்களுக்குத் தருவார். பட்டையை உரித்து, சோடா உப்புப் போட்டு வேகவைத்து, நீரில் அலசி, கறுப்புத் துணுக்குகளை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, கட்டையால் அடித்து நாராக்க வேண்டும். அந்த நாரைத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, கூடவே வெண்டைத் தண்டையும் காம்பையும் நசுக்கி ஊறவைத்த வழுவழுப்பான சாற்றை ஊற்ற வேண்டும். அந்தச் சாறு இருந்தால்தான் நார் அடியில் படியாமல் மிதக்கும். பாயை முக்கி எடுத்து ஆட்டினால் தண்ணீர் மெதுவாக வடிந்து தாள் விழும். ஈரத் தாள்மேல் ஈரத் தாளாக, நடுவில் துணிகூட வைக்காமல் அடுக்கிக் கல் ஏற்றுவார்கள். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக உரித்துப் பலகையில் ஒட்டி வெயிலில் வைப்பார்கள். இத்தனை ஈரத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் எப்படிப் பிரியும் என்று முதல் நாள் நான் சண்டையே போட்டேன். பிரிந்தன. எல்லாம் அந்த வெண்டைச் சாற்றின் வேலை.

சாற்றுக்குப் பொறுப்பு சேத்தூரிலிருந்து வரும் ஓர் அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் இருபது வருடம் துணி மடித்தவர். மகள் அவரைச் சேத்தூரக்கா என்பாள், நாங்களும் அப்படியே சொன்னோம். துணுக்குப் பொறுக்குவதில் அவர் விரலுக்கு ஈடில்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே பொறுக்குவார். வெண்டைச் சாற்றை "சளி" என்பார். பயணிகள் முன்னால் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று மகள் கெஞ்சுவாள். "சளிய சளின்னு சொல்லாம சந்தனம்னா சொல்லுவாக?" என்பார். சேத்தூரில் அவர் ஏறுகிற பஸ்ஸில்தான் நான் ராஜபாளையத்தில் ஏறுவேன். எனக்காக முன்சீட்டில் தம் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்திருப்பார். நான் ஏறியதும் பையை எடுத்துக்கொள்வார். இரண்டு வருடமாக நடந்துவந்த ஏற்பாடு அது. அதற்காக ஒரு நாளும் நான் நன்றி சொன்னதில்லை.

எங்கள் ஊர் வெயிலுக்கு அந்தச் சாறு ஆகவில்லை. ஜப்பானில் இது பனிக்கால வேலையாம். இங்கே பங்குனி பிறந்துவிட்டால் காலை ஆறு மணிக்குக் கம்பி போல நீளும் சாறு, பத்து மணிக்கு வெறும் தண்ணீர் போல ஓடும். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கிவந்து தொட்டியைச் சுற்றிப் போட்டார்கள். முந்தின நாள் மிச்சம் வைத்த சாறு இன்னும் மோசம் என்பதால் அதைத் தொடவே கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆரம்ப நாட்களில் தெரியாமல் சேத்தூரக்கா ஒரு தடவை அதைக் கலந்து, ஓர் அடுக்குத் தாள் வீணாகியிருந்தது.

கொஞ்சம் மரவள்ளிக் கஞ்சி சேர்த்தால் நிற்கும் என்றேன் மகளிடம். சிரித்துவிட்டு, "அப்பா, இது பாவு இல்ல. நீங்க செத்த நேரம் சும்மா உக்காருங்க" என்றாள். ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை. ஆனால் சேத்தூரக்காவும் கூடச் சிரித்தார். அது எனக்கு உறைத்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கஞ்சி காய்ச்சியவனிடம் கஞ்சியைப் பற்றிச் சிரிப்பதா?

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வீட்டிலேயே கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஃப்ளாஸ்க்கில் ஊற்றி எடுத்துப் போனேன். கை தவறி நடந்தது என்று நாளைக்கு நானே எனக்குச் சொல்லிக்கொள்ளக் கூடாது, அதனால் இதை எழுதுகிறேன். அன்று ஏழு பயணிகள். பத்து மணிக்கு மகள் அவர்களைப் பட்டை வேகும் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். சேத்தூரக்கா ஐஸுக்குப் போனார். நான் ஃப்ளாஸ்க்கைத் திறந்து முழுவதையும் தொட்டியில் ஊற்றி, கழியால் கலக்கிவிட்டு, நாற்காலிக்குத் திரும்பினேன்.

தொட்டி அழகாகத்தான் இருந்தது. நார் மேகம் போல அப்படியே நின்றது. மகள் பாயை முக்கிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அக்கா கை ராசியான கை என்று எல்லார் முன்னாலும் பாராட்டினாள். சேத்தூரக்கா வெட்கத்தோடு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாளைக்குத் தாள் பிரிந்ததும் உண்மையைச் சொல்லி இரண்டு பேரையும் அசத்திவிடலாம் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பயணிகளில் ஒருவர் கோயம்புத்தூர்ப் பள்ளி ஆசிரியை. பூவோ இலையோ வைத்துத் தாள் எடுக்கலாம் என்று மகள் சொன்னபோது, அவர் கைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். அதில் சிவப்பு நூல் இழைகள் இருந்தன. அவருடைய அம்மா உடுத்திய சுங்குடிச் சேலையின் நூல். அம்மா இறந்து ஒரு வருடம், சேலை மக்கிவிட்டது, மிஞ்சிய இழைகள் இவ்வளவுதான் என்றார். ஈரத் தாளில் ஒவ்வோர் இழையாக வைத்தார். அதன்மேல் மகள் மெல்லிய நார் ஒரு தடவை ஓடவிட்டாள். அந்தத் தாளும் அடுக்கில் போனது. அதன்மேல் மற்றவர்களின் தாள்கள் வந்தன.

சனிக்கிழமை காலை கல்லை இறக்கினார்கள். மகள் மேல் தாளின் மூலையை நகத்தால் தூக்கினாள். வரவில்லை. அடுத்த மூலை, அதுவும் வரவில்லை. ஆளுக்கு இரண்டாக எடுத்த பதினாலு தாளும் நனைந்த அட்டை போல ஒரே கட்டியாக இருந்தன. கஞ்சி கூடிய பாவு எப்படி ஒட்டும் என்று எனக்குத் தெரியாதா? பார்த்த உடனே தெரிந்தது.

மகள் சேத்தூரக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, நேத்து ஊத்துனது புதுசா, முந்துன நாள் மிச்சமா?"

"புதுசும்மா. முத பஸ்ஸுல வந்து நசுக்குனேன்."

"நெசமாவா?"

மகள் கோபப்படவில்லை. குரல்கூட உயரவில்லை. பரவாயில்லை, விடுங்கள் என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுதான் பெரிய அடி. பரவாயில்லை என்பதைத் தப்புச் செய்தவர்களிடம்தானே சொல்வோம். ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எட்டாவது ஆள். எழுந்து இரண்டு வார்த்தை சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஆசிரியை வெறும் பொட்டலத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். குற்றாலம் போய்விட்டுச் செவ்வாய்க்கிழமை இதே வழியாகத் திரும்புவதாகச் சொல்லி எல்லாரும் வேன் ஏறினார்கள். சேத்தூரக்கா ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போனார். கட்டியைத் தூக்கி எறிய மகளுக்கு மனம் வரவில்லை. ஈரச் சாக்கில் சுற்றித் தொட்டிக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை பஸ் வந்தது. முன்சீட்டில் பை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டே போனேன்.

கிட்டங்கியில் மகள் தனியாக உட்கார்ந்து துணுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முழங்கால் வலியாம், இனி வர முடியாதாம், போனில் சொன்னார் என்றாள். நான் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன், தொட்டியில் கஞ்சி ஊற்றியது நான் என்று.

அவள் நம்பவில்லை. அக்காவை வரவழைப்பதற்காகப் பழியை என் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தாள். அவள் மனத்தில் நான் அவ்வளவு நல்லவனாக இருந்தது அன்றுதான் தெரிந்தது, தெரிந்திருக்க வேண்டாம். முதலுதவிப் பெட்டியில் டிங்சர் அயோடின் இருந்தது. ஆலையில் துணியில் கஞ்சி மிச்சமிருக்கிறதா என்று பார்க்க நாங்கள் செய்கிற சோதனைதான். சாக்கை விலக்கி, கட்டியின் மூலையில் ஒரு சொட்டு விட்டேன். அந்த இடம் கருநீலமாக மாறி மெல்லப் பரவியது.

மகள் குனிந்து அந்தக் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எம்புட்டு ஊத்துனீங்க?"

"ஒரு ஃப்ளாஸ்க்."

"சனிக்கிழம ஏம்ப்பா சொல்லல?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பழைய கதையைச் சொன்னேன். என் மனைவியிடம்கூடச் சொல்லாதது. ஆலையில் இருந்தபோது ஒரு ஷிஃப்டில் நான் அளவு தப்பாகச் சொல்லி, ஆறு பீம் பாவு, அதாவது ஆறு பெரிய உருளை நிறையச் சுற்றிய நூல், ஒட்டிப் போனது. விசாரணையில், கஞ்சி காய்ச்சுகிறவர் அடுப்பைக் கவனிக்காமல் இருந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். பிறகு அவர் ஆலங்குளம் பக்கம் கல் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சில வருடம் கழித்து இறந்துவிட்டார் என்றும் சொன்னார்கள். அப்போதும் கஞ்சிதான், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை அன்று எனக்கு அது நன்றாக நினைவுக்கு வந்தது. வந்தும் பேசாமல்தான் இருந்தேன்.

மகள் என்னைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இந்தக் கட்டிக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

முடியும் என்று எனக்குத் தெரியும். கஞ்சி போடத் தெரிந்தவனுக்கு எடுக்கவும் தெரியும். முளைவிட்ட தானியத்துக்குக் கஞ்சியைக் கரைக்கிற குணம் உண்டு. கேழ்வரகு முளை அதில் நல்ல வேலைக்காரன். கையைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, முளைமாவைக் கரைத்து வடிகட்டி, அதில் கட்டியை ஊறவிட்டால் கஞ்சி கரைந்து போகும். தாள் பிரியலாம், பிரியாமல் கூழாகவும் போகலாம். ஊறிய தாளை உரிக்க என் நடுங்கும் கை ஆகாது. தன் விரலுக்கும் அந்தப் பக்குவம் இல்லை என்று மகளும் மாட்டேன் என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தார். சனிக்கிழமையே அந்தக் கட்டியை இப்படிச் சரிசெய்யப் பார்த்திருக்கலாம். ஆனால் அதில் இருப்பது கஞ்சி என்று முதலில் சொல்ல வேண்டுமே. மூன்று நாளாக அது தொட்டிக்குள் கிடந்ததற்குக் காரணம் என் வாய்தான்.

சேத்தூரில் அவர் வீட்டு வாசலில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சேர் எடுத்துப் போட்டார். முழங்காலில் வலி இருப்பதாகத் தெரியவில்லை. நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"கஞ்சியக் குடிப்பாக சார். தொட்டியில ஊத்தி இப்பத்தான் பாக்கேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு எம்புட்டுப் பேரு நின்னாக?" என்று கேட்டார்.

ஏழு பேர் என்றேன்.

"எங்கிட்ட மட்டும் வந்து சொல்லிட்டா அது ஏழு பேருக்கும் கேக்குமா? இருவது வருசம் துணி மடிச்சேன். கண்ணு சரியில்ல, கை சரியில்லன்னு ஒருத்தரு சொன்னதில்ல. பொய் சொல்லுதியான்னு கேட்டதேயில்ல. அந்தப் புள்ள 'நெசமாவா'ன்னு கேட்டுச்சு. அதுக்கும் நீங்க பதில் சொல்லக் கூடாது. அந்தப் புள்ளதான் சொல்லணும்."

மறுநாள் அந்த ஏழு பேரும் திரும்பி வருகிறார்கள், கட்டியை முளைமாவு கரைத்த வெந்நீரில் ஊறப்போடுகிறோம், உரிக்க உங்கள் கைதான் வேண்டும் என்றேன். நான் படி இறங்கும்போது, "வெந்நி அதிகமா கொதிச்சிராம. பட்ட நாரு தாங்காது" என்றார்.

அங்கிருந்து நேரே ராஜபாளையம் பஜாருக்கு வந்தேன். மளிகைக் கடை பாய் எனக்குப் பழக்கம். முளைகட்டிய கேழ்வரகு மாவு வேண்டும், வறுக்காததாக, வெயிலில் காய்ந்ததாக இருக்க வேண்டும் என்றேன். வறுத்தால் முளையின் குணம் செத்துவிடும். வறுக்காமல் பிள்ளைக்குக் கொடுத்தால் வயிற்றைக் கடுக்குமே, யாருக்கு என்று கேட்டார். காகிதத்துக்கு என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் கட்டிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் சேத்தூரக்கா இருந்தார். பை அவர் மடியில் இருந்தது. முன்சீட்டில் யாரோ ஒரு பெரியவர். நான் நின்றுகொண்டு போனேன்.

காலை முழுவதும் கட்டி ஊறியது. மணிக்கொரு தடவை ஒரு மூலையைக் கிள்ளி அயோடின் விட்டேன். நீலம் ஊதாவானது, ஊதா செம்பழுப்பானது, மதியத்துக்கு மேல் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும் நின்றது. கஞ்சி போய்விட்டது. சேத்தூரக்கா ஏப்ரனைக் கட்டிக்கொண்டார், ஆனால் கட்டியைத் தொடவில்லை. வேன் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. ஏழு பேரும் பால்கோவாப் பொட்டலங்களோடு உள்ளே வந்தார்கள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். நான் ஓர் ஆலையில் கஞ்சி போட்டவன், எனக்குத் தெரியும் என்ற திமிரில் யாரையும் கேட்காமல் தொட்டியில் கஞ்சி ஊற்றினேன், தாள்கள் ஒட்டியது அதனால்தான், சனிக்கிழமை இந்த அம்மாளைக் கேள்வி கேட்டபோது தெரிந்தே பேசாமல் இருந்தேன் என்றேன். நாலு வாக்கியம்தான். ஒருவர் சங்கடத்தில் சிரித்தார். பிறகு மகள் முன்னால் வந்தாள். அக்கா சொன்னது உண்மை, சாறு புதியது, நம்பாதது என் தப்பு என்று சேத்தூரக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

சேத்தூரக்கா கையைக் கழுவிக்கொண்டு தொட்டிமுன் குனிந்தார்.

மேல் தாள் பாதியில் கூழானது. அடுத்ததும் போனது. மூன்றாவது தாளின் ஓரத்தில் அவர் விரல் நுனி எதையோ கண்டுபிடித்தது. தண்ணீருக்குள்ளேயே, அரிசி களைவது போல அலைத்து அலைத்துப் பிரித்தார். முழுத் தாள் வந்தது. பதினாலில் ஆறு முழுதாக வந்தன. ஆசிரியையின் தாள் வந்தபோது சிவப்பு இழைகள் தண்ணீருக்குள்ளேயே தெரிந்தன. நடுவில் அது இரண்டாகப் பிரிந்தது. ஆசிரியை வாயில் கையை வைத்துக்கொண்டார்.

சேத்தூரக்கா இரண்டு துண்டையும் பலகையில் ஏந்தி வைத்து, ஓரத்தின்மேல் ஓரம் ஏறும்படி தள்ளி, தூரிகையால் மெல்ல நீவினார்.

"தையல் போட்ட மாதிரி ஒரு கோடு தெரியும் தாயி. ஆனா விடாது."

"தெரியட்டும்க்கா" என்றார் ஆசிரியை.

எங்கள் ஊர் வெயில் அன்று ஒரு நல்ல காரியம் செய்தது. ஒரு மணி நேரத்தில் தாள் காய்ந்து பலகையிலிருந்து சடசடவென்று எழுந்தது. வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், யாரும் ஏறவில்லை. அந்த ஆறு தாள்களையும் ஆசிரியையின் தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகுதான் புறப்பட்டார்கள். தாள் கிடைக்காத மூன்று பேர் ஆடியில் சாரல் பார்க்க வரும்போது மறுபடி இங்கே இறங்குவதாகச் சொன்னார்கள்.

ஆலங்குளத்துக்கு நான் இன்னும் போகவில்லை. அந்த மனிதரின் குடும்பம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பழைய ஆட்கள் இருவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். மகள் கூட வருகிறேன் என்றாள். அவள் வேண்டாம், தனியாகத்தான் போக வேண்டும். இதை எழுதி முடித்த கையோடு போவதாக இருக்கிறேன்.

கிட்டங்கியில் இப்போது எனக்கு நாற்காலி இல்லை. சேத்தூரக்காவுக்கு எதிரே மணையில் உட்கார்ந்து துணுக்குப் பொறுக்குகிறேன். அவர் இருபது பொறுக்கும் நேரத்தில் நான் ஒன்று பொறுக்குவேன். அதுவும் சில நேரம் துணுக்கில்லை, நல்ல நார். "அது அழுக்கில்ல சார், அத விடுங்க" என்பார். வெண்டைச் சாறு வெயிலில் இன்னும் நீர்த்துத்தான் போகிறது. அதனால் விடியற்காலை ஐந்தரைக்கே தாள் எடுக்கப் போகிறோம் என்று மகள் நேரத்தை மாற்றிவிட்டாள். பயணிகள் கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிறார்கள், ஆனால் வருகிறார்கள்.

போன வாரம் முதல் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தயாரானபோது, முன்சீட்டில் சாப்பாட்டுப் பை இருந்தது. சேத்தூரக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். யாரோ ஒருவர் அந்த இடத்தில் உட்காரப் போக, திரும்பாமலே, "ஆளு வாராக" என்றார்.

பையை எடுத்து அவரிடம் நீட்டினேன். இந்தத் தடவை நன்றி என்று சொன்னேன். பஸ் சத்தத்தில் கேட்டதோ என்னவோ, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.